கிராண்ட் கேன்யனில் ரேஞ்சரோடு நடக்கப் போய் ஒரு நாளைத் தொலைத்த கதை

2022 ஜூலையில் ஒரு வார இறுதிக்கு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். தனியாகப் போக வேண்டும் என்று திட்டமிட்டதல்ல. நான்கு பேர் சேர்ந்து போவதாகப் பேசி, பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே இருக்கிற டூசயான் ஊரில் இரண்டு இரவுக்கு இரண்டு அறை போட்டிருந்தோம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு ஒருத்திக்குக் கோவிட், இன்னொருத்திக்கு ஆபீஸ் வேலை, மூன்றாமவள் இவர்கள் வராததால் வரவில்லை. அறைக்காசு திரும்பாது. ஒரு அறையை விட்டுவிட்டால்கூட என் அட்டையில் போன பணம் போனதுதான். கோபமும் வருத்தமுமாக, நான் மட்டுமாவது போய்வருகிறேன் என்று சனிக்கிழமை காலை ஆறரைக்கு, ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாண்ட்லரில் இருந்து வண்டியை எடுத்தேன். அந்த வாரம் ஃபீனிக்ஸ் பக்கம் 43 டிகிரி வெயில். கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறத்தாழ 7,000 அடி உயரம், அங்கே 28, 29 டிகிரிதான் இருக்கும் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் பிறகு என்னை ஏமாற்றியது, அதைச் சொல்கிறேன்.

முதலில் பணம் போன கதை. யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும், சும்மா பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடாது என்று எனக்கு ஆசை. அதற்காக ஒரு தனியார் வேன் சுற்றுலாவுக்கு 135 டாலர் கட்டியிருந்தேன். காலை பத்தரைக்கு டூசயானில் ஏற வேண்டும். சாதாரண நாளில் மூன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஐ-17 சாலை மலையேறுகிற இடத்தில் ஒரு விபத்து. பிளாக் கேன்யன் சிட்டிக்கு மேலே முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை, வெளியேறவும் வேறு வழி இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வேன் போய்விட்டது, பணம் கிடையாது. வாசலில் நின்று அழுகை வந்தது. சுற்றுலா நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் விதியை முன்பே எழுதியிருந்தார்கள். எனக்கு வலித்தது வேறு. அந்த வேன் நிற்கிற காட்சிமுனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூங்காவின் இலவசப் பேருந்தே போகிறது என்பதும், அந்த மண்ணிலேயே வேலை பார்க்கிற ரேஞ்சர்கள் ஒரு பைசா வாங்காமல் தினமும் கூட்டிப்போய் விளக்குகிறார்கள் என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் இலவசம் என்றால் ஐந்து நிமிடம் ஏதோ சொல்லிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

நம்ம ஊரில் ரேஞ்சர் என்றால் காக்கி உடையில் வருகிற வனத்துறை அதிகாரி, பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கி நிற்போம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் சட்டத்தை அமல்படுத்துகிற ரேஞ்சர்கள் தனியாக இருக்கிறார்கள். தட்டையான அகல விளிம்புத் தொப்பி போட்டுக்கொண்டு மக்களிடம் பேசுவதையே முழுநேர வேலையாகக் கொண்டவர்கள் இன்னொரு வகை. புவியியலோ உயிரியலோ வரலாறோ படித்தவர்கள் பலர். இவர்கள் நடத்துவதுதான் ரேஞ்சர் நிகழ்ச்சிகள்: அரை மணி நேரப் பேச்சு, ஒரு மணி நேர நடை, இரவில் திறந்தவெளி அரங்கில் ஒரு உரை. பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. அப்போது ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். உள்ளே போய்விட்டால் இந்த நிகழ்ச்சிகளுக்குக் காசும் இல்லை, பெரும்பாலானவற்றுக்கு முன்பதிவும் இல்லை.

சரி, வேன் போனால் போகட்டும், ரேஞ்சர் நடைக்காவது போவோம் என்று உள்ளே கிளம்பினேன். ஏப்ரலில் போய்வந்த தோழி ஒருத்தி அனுப்பிய நிகழ்ச்சி அட்டவணையின் புகைப்படம் என் போனில் இருந்தது. அதில் மதியம் ஒரு மணிக்குப் புதைபடிவ நடை என்று போட்டிருந்தது. வாசலில் கார் வரிசை ஐம்பது நிமிடம். பார்வையாளர் மையத்தின் நிறுத்துமிடங்கள் நிரம்பி வழிந்தன. சுற்றிச் சுற்றி வந்து ஓர் இடம் பிடிக்கும்போது பன்னிரண்டே முக்கால். அங்கிருந்து நீல வழித்தடப் பேருந்துக்கு நின்று, நெரிசலில் ஏறி, கேன்யனுக்குள் இறங்குகிற பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்குகிற இடத்தில் இறங்கியபோது ஒன்று இருபது. அங்கே யாருமே இல்லை. பக்கத்துக் கடையில் கேட்டேன். அந்த நடை கோடைக்காலத்தில் காலையில்தான், இன்றைக்கு முடிந்துவிட்டது என்றார்கள்.

முதல் பாடம் இதுதான், இதில் நான் இழந்தது ஒரு முழு நாள். ரேஞ்சர் நிகழ்ச்சிகளின் அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். ஆள் குறைந்தால் வாரத்துக்குள்ளேயே மாறும். யாரோ அனுப்பிய படத்தை நம்பாதீர்கள், போன மாதத்துப் படமாக இருந்தாலும். கிளம்புவதற்கு முந்தைய நாள் பூங்காவின் அதிகாரபூர்வ தளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போனதும் பார்வையாளர் மைய மேசையில் இருப்பவரிடம், இன்றைக்கு என்னென்ன, எங்கே, எத்தனை மணிக்கு என்று வாயால் கேளுங்கள். வரைபடத்திலேயே குறித்துக் கொடுப்பார்கள். அப்புறம், காலை எட்டு மணிக்குள் வாசலைக் கடந்துவிடுங்கள். ஒன்பதரை, பத்துக்கு மேல் கோடை வார இறுதியில் வாசல் வரிசை, நிறுத்துமிடம், பேருந்து மூன்றும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். நிகழ்ச்சி யாருக்காகவும் காத்திருக்காது. சொன்ன நேரத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நேரம் பற்றி இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் பக்கத்திலேயே இருக்கிற நவாஹோ பழங்குடி நிலப்பகுதியில் மாற்றுவார்கள். அதனால் கோடையில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். நவாஹோ நிலத்தில் இருக்கிற மான்யுமென்ட் வேலி பக்கமிருந்து வருபவர்களின் போன், பூங்காவின் கிழக்கு வாசலான டெசர்ட் வியூ அருகில் நவாஹோ பக்கத்து செல்போன் கோபுரத்தைப் பிடித்தால், ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும். போனில் நேரத்தை ஃபீனிக்ஸ் என்று கையால் மாற்றி வைத்துவிடுங்கள்.

மீண்டும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நடை போய்விட்ட ஆத்திரத்தில், யாருமில்லாமல் நானே போகிறேன் என்று பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்க ஆரம்பித்தேன். மணி ஒன்றரை. கையில் அரை லிட்டர் தண்ணீர். காரில் ஒரு டப்பா முறுக்கும் மிக்சரும் இருந்தன, எடுத்துக்கொள்ளவில்லை. விளிம்பில் காற்று இதமாக இருந்தது. இறக்கம், நிழல், கூட்டம், எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. பாறையைக் குடைந்த முதல் சுரங்கவழி, இரண்டாவது சுரங்கவழி, அதற்குமேலும் கொஞ்ச தூரம். மலையில் ஏறினால் களைப்பு முதலில் வரும், திரும்புவது இறக்கம். இங்கே தலைகீழ். களைப்பே தெரியாமல் இறங்கிவிடுவோம், ஏற்றம் கடைசியில்தான். ஒவ்வொரு ஆயிரம் அடி இறங்கும்போதும் ஏறத்தாழ 3 டிகிரி சூடு கூடும். ஆற்றங்கரையில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். திரும்பியபோது தண்ணீர் தீர்ந்திருந்தது. இருபது அடி நடந்தால் நிற்க வேண்டியிருந்தது. தலை சுற்றி, வாய் உலர்ந்து, நெஞ்சு படபடத்தது. போனில் சிக்னல் இல்லை. நான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்ததும் பயந்துவிட்டேன். அம்மாவிடம்கூட தோழிகளோடு போவதாகத்தான் சொல்லியிருந்தேன்.

பாறை நிழலில் உட்கார்ந்திருந்தபோது மேலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் ரேஞ்சர் என்னைப் பார்த்து நின்றார். இப்படி இறங்கி மாட்டிக்கொள்பவர்களை முன்கூட்டியே தடுக்கவென்றே கோடையில் ரேஞ்சர்களும் தன்னார்வலர்களும் அந்தப் பாதையில் நடமாடுகிறார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டார். உப்பிட்ட பிஸ்கட் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, என் துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றச் சொன்னார். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும், அதனால் உப்புத் தின்பண்டம் கட்டாயம் என்று சொன்னார். காரில் கிடந்த முறுக்கு ஞாபகம் வந்தது. இறங்க எடுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏற வேண்டும், கோடையில் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை கேன்யனுக்குள் நடக்கவே கூடாது என்றார். அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, மெதுவாக என்னோடு ஏறி வந்தார். நான் நன்றி சொல்லி இருபது டாலர் நீட்டினேன். வாங்கவில்லை. அவர்கள் மத்திய அரசு ஊழியர்கள், டிப்ஸ் வாங்கக்கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் யாரும் பணம் நீட்டிச் சங்கடப்படுத்த வேண்டாம். கொடுக்க விரும்பினால் பார்வையாளர் மையத்தில் நன்கொடைப் பெட்டி இருக்கிறது.

இரவு எட்டரைக்கு ஒரு உரை இருக்கிறது, உடம்பு சரியாக இருந்தால் வா என்று அவரே சொன்னார். அறையில் படுத்து எழுந்து போனேன். ஜூலை நடுவிலிருந்து அங்கே மழைக்காலம், அரிசோனாக்காரர்கள் அதையும் மான்சூன் என்றே சொல்கிறார்கள். பிற்பகலில் திடீரென்று இடி மின்னல் கட்டிக்கொண்டு வரும். அன்று இரவு வரைக்கும் விடவில்லை. திறந்தவெளி அரங்கின் வாசலில் ஒரு ரேஞ்சர் நின்று, மின்னல் காரணமாக நிகழ்ச்சி ரத்து, எல்லாரும் வண்டிக்குள்ளோ பேருந்துக்குள்ளோ போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் காரை எங்கோ நிறுத்திவிட்டுப் பேருந்தில் வந்திருந்தேன். நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பூங்காவில் விளக்குகளைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். 2019-இல் இருண்ட வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரமும் கிடைத்தது. அருமையான விஷயம். ஆனால் டார்ச் இல்லாமல், மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டு, மின்னல் வெளிச்சத்தில் பேருந்து நிறுத்தத்தைத் தேடுகிற பெண்ணுக்கு அது அருமையாக இல்லை. நாற்பது நிமிடம் நின்றேன். இரவு நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் நெற்றியில் கட்டுகிற விளக்கு ஒன்று, கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்ற தகவல் மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். சில வழித்தடங்கள் சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் நின்றுவிடும். மழைக்காலமென்றால் மாலை நிகழ்ச்சியை ஒரே நாளுக்கு மட்டும் நம்பி வைக்காமல் இரண்டாவது நாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். 135 டாலர் வேன், தோழிகளின் பங்காக என் தலையில் விழுந்த அறைக்காசு கிட்டத்தட்ட 390, ஒரு நாள், கூடவே உயிர்பயம். ஆனால் அந்த ரேஞ்சர் பேசிய விதம் மனதில் இருந்தது. ஞாயிறு காலை ஏழரைக்கே உள்ளே போய்விட்டேன். வாசலில் நான்கைந்து கார்கள்தான். எட்டு மணிக்கு மேசையில் கேட்டு, வரைபடத்தில் நான்கு நிகழ்ச்சிகளைக் குறித்து வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் புதைபடிவ நடை. இருபது பேர் இருந்தோம். விளிம்பை ஒட்டிய சமதளப் பாதை, யாரும் நடக்கலாம். ஓரிடத்தில் நிறுத்தி, தரையைப் பாருங்கள் என்றார் ரேஞ்சர். சாதாரணச் சுண்ணாம்புப் பாறை. குனிந்து பார்த்தால் சிப்பிகள், கடல்பஞ்சுகள், மணி கோத்ததுபோன்ற கடல் அல்லித் தண்டுகள். 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். கடல்மட்டத்திலிருந்து 7,000 அடி மேலே, பாலைவன மாநிலத்தில், கடலடியில் நின்றுகொண்டிருக்கிறோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் நான் அரியலூர்க்காரி. எங்கள் பக்கம் சிமெண்டு ஆலைக்கு வெட்டுகிற சுண்ணாம்புப் பாறையும் கடல்தான், காரை என்கிற ஊர்ப் பக்கத்து ஓடைகளில் மழைக்குப் பிறகு சிப்பிக் கல் தானாக வெளியே வரும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமே கிடக்கிறது. சின்ன வயதில் அதன்மேல் ஏறி விளையாடுகிற நினைப்பில் போனோமே தவிர, பக்கத்தில் நின்று இது என்ன என்று சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. அதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ரேஞ்சர் நடையை நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி என்னைத் திரும்பச் சொல்லவைத்தார். என் ஆங்கில உச்சரிப்பு பற்றிய கூச்சம் அத்தோடு போனது. கேள்வி கேளுங்கள். அவர்கள் விரும்புவது அதைத்தான். நடை முடிந்ததும் பத்து நிமிடம் அங்கேயே நிற்பார்கள், நல்ல விஷயங்கள் பல அந்தப் பத்து நிமிடத்தில்தான் கிடைக்கும். ஒரு துண்டுக் கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது, அது சட்டப்படி குற்றம். படம் எடுத்துக்கொள்ளலாம்.

பதினோரு மணிக்கு யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்தில் பேச்சு. இருபது நிமிடம் முன்பே போய்விட்டதால் நிழலில் இடம் கிடைத்தது, பிறகு வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். ரேஞ்சர் வண்ண வண்ணத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்து, மண் படிந்தது, நிலம் மேலே எழும்பியது, கொலராடோ ஆறு அறுத்தது, மழையும் பனியும் அரித்து அகலமாக்கின என்று நான்கே படிகளில் காட்டினார். அடியில் இருக்கிற கரிய பாறை ஏறத்தாழ 170 கோடி ஆண்டு பழையது. சில இடங்களில் அதன்மேல் நேராக உட்கார்ந்திருக்கிற மணற்பாறை ஐம்பது கோடிச் சொச்சம். நடுவில் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பாறை அங்கே காணவே இல்லை, அரித்துப் போய்விட்டது. முந்தைய நாள் நான் கோபத்தோடு தாண்டிப் போன அதே பாறைகள்தான். பேச்சு முடிந்ததும் அங்கிருந்தே தொடங்குகிற காலப் பாதையில் நடந்தேன். ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்று கணக்குப் போட்டு, உலோகக் குறிகள் பதித்து, அந்தந்தக் காலத்துப் பாறையை ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். பேச்சைக் கேட்டுவிட்டு நடந்தால்தான் அதன் அருமை தெரியும்.

பிற்பகல் காண்டர் கழுகு பற்றிய பேச்சு. கலிஃபோர்னியா காண்டர் 1982-இல் உலகிலேயே 22தான் மிச்சம். எல்லாவற்றையும் பிடித்து, கூண்டில் இனம் பெருக்கி, 1996-இல் அரிசோனாவில் திரும்பப் பறக்கவிட்டார்கள். சிறகில் எண் அட்டையோடு அவை விளிம்புக்கு மேலேயே மிதக்கும். செத்த விலங்கின் உடலில் இருக்கிற வேட்டைத் தோட்டாவின் ஈயம்தான் இன்றும் அவற்றுக்குப் பெரிய எமன். எங்கள் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி மருந்தால் அழிந்தன என்றேன். அவர் அந்த மருந்தின் பெயரையே சொன்னார். இரவு வானம் தெளிந்து, அதே அரங்கில் உரையும் நடந்தது. எதற்கும் ஒரு டாலர் செலவில்லை.

எல்லாப் பூங்காவிலும் இப்படியே என்று நினைத்துப் போகாதீர்கள். கொலராடோவில் இருக்கிற மெசா வெர்டேயில் செங்குத்துப் பாறையில் பழங்குடி மக்கள் கட்டிய குடியிருப்புகளுக்குள் ரேஞ்சர் கூட்டிப்போகிற நடைக்குக் கட்டணச் சீட்டு உண்டு, 14 நாள் முன்னதாக இணையத்தில் திறந்ததும் விற்றுத்தீரும். இன்னொரு செலவும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வசிக்காதவர்கள் வருடாந்தர அட்டை இல்லாமல் போனால், 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதில் கிராண்ட் கேன்யனும் ஒன்று. ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் என் பெற்றோரை 2023 அக்டோபரில் கூட்டிப்போனேன், அப்போது அந்தக் கட்டணம் இல்லை. ஏழரைக்கே வாசல், மேசையில் விசாரிப்பு, பையில் முறுக்கு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். அப்பாவுக்கு மூட்டுவலி, அதனால் உட்கார்ந்து கேட்கிற பேச்சுகளும் சமதள நடையும் மட்டும். நடையின்போது நான் அம்மாவுக்குக் காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று பின்னால் போய் நின்றேன். ரேஞ்சர் கவனித்துவிட்டு எங்களை முன்னால் வரச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அம்மா குனிந்து பாறையில் ஒரு சிப்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது நம்ம ஓடையில கெடக்குமே, அதுதான?" என்றார். ரேஞ்சர் என்னைப் பார்த்தார், அம்மா என்ன சொல்கிறார் என்று.